செவ்வாய்க்குக் கை தூக்கிய நாள்

போன வருடம், பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறைக்குச் சற்று முன்பு ஒரு சனிக்கிழமை நடந்தது இது. எங்கள் மகள் அப்போது ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோலாலம்பூரில் ஒரு விண்வெளிக் காட்சி மையத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தது. பஸ்ஸில் இடம் மிச்சமிருக்கிறது, பெற்றோரும் வரலாம் என்று வாட்சாப் குழுவில் செய்தி வந்ததும் நான் பெயர் கொடுத்துவிட்டேன். விண்வெளி மீது ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்கலாமே என்ற ஆசைதான். அதுவும் நடக்கவில்லை. பெயர் கொடுத்த கையோடு, எல்லாருக்கும் மதியத்துக்கு பீஹூன் என்கிற அரிசி சேமியாவைப் பிரட்டிக் கொண்டுவரும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாங்கள் சுங்கை சோவில் குடியிருக்கிறோம். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சாதனங்களுக்கான சின்னச் சின்னப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். கணவர் லோரி ஓட்டுகிறார். சிமெண்டு, இரும்புக் கம்பி, பெயிண்டு என்று ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் வேலை. நான் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவர் பிறந்த தோட்டத்தைத் தேடினால் இப்போது கிடைக்காது. புஞ்சாக் ஆலாம் பக்கம் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றனவே, அதற்கடியில் எங்கேயோ இருக்கிறது.

அவருக்கு இந்தச் சுற்றுலாவுக்கு வரவே மனமில்லை. வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற மனிதருக்கு, லீவு நாளிலும் பஸ்ஸில் உட்கார்ந்து போவது தண்டனைதான். பீஹூன் பெட்டிகளை யார் தூக்குவது என்று நான் கேட்டதும் வாய் பேசாமல் கிளம்பிவிட்டார். அவர் சுபாவம் அப்படி. ஒரு வேலை இருக்கிறது என்றால் வந்துவிடுவார்.

பஸ் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டிக் கிளம்பினோம். தலைமையாசிரியர் பிள்ளைகளிடம் ராக்கெட் விடும்போதுகூட இதைத்தான் செய்வார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பசியாறுவதற்கு என்று யாரோ கொண்டுவந்த, உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிப்பாப், பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது.

அந்த மையம் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. விண்வெளி வீரர்கள் போடும் உடுப்பைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள். வானத்திலிருந்து விழுந்த கல் ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் அதைத் தொட அடித்துக்கொண்டார்கள். அம்மாக்கள் கூட்டம் வேறு ஓர் இடத்தில் நின்றது. விண்கலத்துக்குள் கழிவறை எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி வைத்திருந்தார்கள், அதைச் சுற்றித்தான் நாங்கள் எல்லாரும். நாற்காலியில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அதைப் பார்த்த பிறகு விண்வெளி வீராங்கனைகள் மீது எனக்கு மரியாதை கூடிவிட்டது.

என் கணவர் ராக்கெட் எஞ்சின் பக்கமே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு எடை ஏற்றினால் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று அங்கிருந்த ஊழியரிடம் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். ஊழியர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, என் லோரி எவ்வளவோ பரவாயில்லை என்று என்னிடம் வந்து சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. அந்த நிமிடம் வரைக்கும் அது நல்ல நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு முன்பு கடைசியாக ஒரு வட்டமான மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே மங்கலான சிவப்பு வெளிச்சம். சுவர் முழுக்கத் திரை. அதில் கல்லும் மண்ணுமாகச் செவ்வாய்க் கிரகம் எங்களைச் சுற்றி விரிந்து கிடந்தது. எங்கேயும் ஒரு புல் இல்லை. காற்று வீசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் கல்யாணம் நடந்ததே இந்தச் செவ்வாயால்தான். என் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். செவ்வாய் இருக்கிற பெண்ணுக்குச் செவ்வாய் இருக்கிற மாப்பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். மற்றவர்கள் கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று பயம். அதனால் வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்த வேகத்தில் திரும்பிப் போயின. வீட்டில் எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் வேறு. கடைசியில் என் அத்தை எங்கிருந்தோ ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். அதிலும் செவ்வாய். குருக்கள் பார்த்துவிட்டு, செவ்வாய்க்குச் செவ்வாய் சரியாகப் போய்விடும் என்றார். அடுத்த மாதமே பரிசம். அதற்கு அடுத்த மாதம் கல்யாணம்.

இந்தக் கதை எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற தோழி என் விலாவில் இடித்து, இதுதானே உன் ஜாதகத்தில் உட்கார்ந்திருப்பது, ஒரு கும்பிடு போடு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரத்தில் சும்மா கிடக்கிற இந்தக் கல்லும் மண்ணும் என் அப்பாவை அத்தனை ராத்திரி தூங்கவிடாமல் செய்ததா என்றும் தோன்றியது.

வழிகாட்டியாக வந்தது ஓர் இளம் மலாய்ப் பெண். முக்காடு போட்ட குண்டு முகம், நல்ல கணீரென்ற குரல். செவ்வாய்க்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும், அங்கே மூச்சு விடக் காற்று கிடையாது, ஒருவேளை திரும்பி வரவே முடியாத பயணமாகவும் இருக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே இறக்கினார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சியாப்பா மாவ் பெர்கி?" என்று கேட்டார். யார் போக விரும்புகிறீர்கள்?

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற இரண்டு பையன்கள் கையைப் பாதி தூக்கி, திரும்பி வர முடியாது என்பது நினைவுக்கு வந்து கீழே போட்டுவிட்டார்கள். அப்போது அந்தப் பெண்ணின் பார்வை என் பக்கம் வந்து நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். என் வலது கை தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துத் தூக்கவில்லை. ஆனால் தூக்கிய பிறகு இறக்கவும் தோன்றவில்லை.

வழிகாட்டிப் பெண்ணுக்கு ஒரே குஷி. என்னை முன்னால் அழைத்து, அட்டையில் செய்த விண்வெளித் தொப்பியை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகள், எங்கள் அம்மா, எங்கள் அம்மா என்று குதித்தாள். பெரியவர்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. குடும்பத்துக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள் செவ்வாய்க்குப் போகிறாளாம் என்ற சிரிப்பு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சமாளிக்க ஒரு பொய் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் வாரக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து இதே மாதிரிதான் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேர வேலைக்கு, ஓ.டி.க்கு, யார் வருகிறீர்கள் என்று மலாயில் கேட்பார். கை தூக்காதவர்களை மனதில் குறித்துக்கொள்வார். அதனால் கேள்வி முடிவதற்குள் என் கை மேலே போய்விடும். அந்தப் பழக்கத்தில், ஓ.டி.க்குக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கிவிட்டேன் என்றேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் ரவாங்கில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ராக்கெட் எஞ்சினைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

மதியம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். நான் பீஹூன் வைத்துக்கொடுக்க, அவர் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். அவர் தட்டில் நான் வைத்ததைச் சாப்பிட்டார். மிளகாய்ச் சம்பல் இன்னும் கொஞ்சம் வை என்று கேட்கவில்லை. வீட்டில் சம்பல் குறைந்தால் அடுப்படிக்கே வந்துவிடுகிறவர். தோழியின் கணவர் கொஞ்சம் வாய்த்துடுக்கு. பிள்ளைகள் முன்னால், இவர்களைச் செவ்வாய்தான் சேர்த்து வைத்தது, இப்போது செவ்வாயே பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறது என்று எடுத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், என் கணவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். சாலையில் போலீஸ்காரர் லோரியை நிறுத்தினால் சிரிக்கிற சிரிப்பு அது.

சாப்பாட்டுக்குப் பிறகு குவிந்த கூரை போட்ட ஒரு பெரிய மண்டபத்துக்குள் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, தலைக்கு மேலே நட்சத்திரங்களைக் காட்டினார்கள். ரொம்ப அழகாக இருந்தது என்று எல்லாரும் பிறகு சொன்னார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு, நான் ஏன் கை தூக்கினேன் என்று என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. வேலை அலுப்பு என்று சொல்லலாம். ஆனால் அலுப்புக்காக யாராவது மூச்சு விடக் காற்றில்லாத இடத்துக்குப் போவார்களா? மகளை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட என்னால் இருக்க முடியாது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாததுதான் பயமாக இருந்தது. எனக்கே தெரியாமல் எனக்குள் ஒருத்தி கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தேன்.

திரும்பும்போது நல்ல மழை. நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எங்கள் மகள் எங்களுக்கு முன் இருக்கையில் தோழியின் மகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் முன்னால் தெரிந்த சிவப்பு விளக்குகளையே பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"அப்படி என்னா கொற வச்சேன் ஒனக்கு?"

நான் மறுபடியும் அந்த ஓ.டி. கதையை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்தக் கதையை ஊருக்குச் சொல், எனக்குச் சொல்லாதே என்றார். ஓ.டி.க்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிற அன்றைக்கு என் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமாம். இன்றைக்கு அந்த முகம் இல்லையாம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு முகமாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக உடைந்தது. கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கோபமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மனிதர் பயந்துபோயிருந்தார்.

அவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல்தான் திறந்தேன். பேசப் பேசத்தான் எனக்கே தெரிந்தது.

தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது எங்களுக்கு ஒரு தேதி சொன்னார்கள். அன்றைக்கு லோரி வந்து லயத்து வீட்டு வாசலில் நின்றது, சாமான்களை ஏற்றினோம், புக்கிட் ரோத்தானுக்கு வந்தோம். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அத்தை தொழிற்சாலையில் சொல்லிவைத்திருந்தார், திங்கட்கிழமை போனேன். பெண் பார்க்க வந்தார்கள், தேநீர் கொடுத்தேன், உள்ளே போய் நின்றேன். வெளியே ஜாதகத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் அதனிடம் கேட்டார்கள். பிறகு சுங்கை சோவில் வீடு பார்த்தாயிற்று என்றார்கள், வந்தேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. யாரும் எனக்குக் கெடுதல் செய்யவும் இல்லை. ஆனால் நீ போகிறாயா, உனக்கு விருப்பமா என்று ஒருவர்கூட என்னைப் பார்த்துக் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சுங்க, போறியானு. எங்கனு நான் யோசிக்கவே இல்ல. கேட்டுச்சே, அதுக்குத்தான் கை போயிருச்சு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்ததைச் சேர்த்துச் சொன்னது அவரைக் குத்தியிருக்கும்.

அப்போதுதான் அவர், "என்ன மட்டும் யாரு கேட்டா?" என்றார்.

அப்புறம் அவர் சொன்ன கதை இத்தனை வருடத்தில் நான் கேட்காத கதை. என்னைப் பெண் பார்க்க அவர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஜொகூரில் லோரி வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். உண்மையில் அவர் அப்போது சிங்கப்பூரில் வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாராம். கூட்டாளி ஒருவர் அங்கே இடம் பார்த்து வைத்திருந்தாராம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் ஜொகூரில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் அம்மா போன் செய்தார். செவ்வாய் இருக்கிற பெண் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்துவிட்டது, பேசி முடித்தாயிற்று என்றார்.

"வந்து சட்டைக்கு அளவு குடுன்னாங்க. அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. அப்புறம் சிங்கப்பூர் என்ன ஆனது என்று கேட்டேன். என்ன ஆகும், அது அங்கேயேதான் இருக்கிறது என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என்னைக் கேட்காமல் கட்டிவைத்தார்கள் என்று நான் நினைத்தபோதெல்லாம், அவர் சம்மதித்துத்தான் வந்தார் என்று நானாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படியேதான் நினைத்திருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, கேட்கப்படாதது நாம் மட்டும்தான் என்று ஆளுக்கு ஒரு பக்கம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரவாங் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. பிள்ளைகளை எழுப்பச் சொல்லி ஆசிரியை முன்னாலிருந்து குரல் கொடுத்தார். அவசரமாக என் கணவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"சரி, இப்ப நான் கேக்குறேன். என்னைக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

எப்போதும் போல இருந்திருந்தால், சும்மா இருங்க, பக்கத்தில் ஆள் இருக்கு என்று சொல்லியிருப்பேன். தோளுக்கு உயர்ந்த மகளை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது. ஆனால் அவர் விளையாடவில்லை. சிமெண்டு மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் கேள்விக்கு உடனே ஆமாம் என்று சொன்னால், ஓ.டி.க்குக் கை தூக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். பிறகு சரி என்று எழுந்து காலிப் பெட்டிகளை எடுக்கப் போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். அவர் ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. வழக்கம் போல வேலைக்குப் போனார், வந்தார். ஆனால் நான் ஏதாவது பேச வாயைத் திறந்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் பார்ப்பார். உப்பு இருக்கிறதா பாருங்கள் என்று நான் கேட்டால், இதுவா என்பது போல மூச்சு விடுவார். முதல் நாள் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக ஓர் ஆள் காத்திருப்பது எனக்குப் புதுசு.

அப்புறம் நான் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தேன். சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதுதான். இந்த மனிதர் குறட்டை விடுவார். யார் கேட்டாலும் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேலைக்கு நடந்து போவார். மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார், நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு சமயம் எனக்குக் கை முறிந்து கட்டுப்போட்டிருந்தபோது, மகளுக்குத் தலை பின்னிவிட ஆளில்லை. இவர் தினமும் விடியுமுன் எழுந்து அவளுக்குப் பின்னிவிட்டார். முதலில் கயிறு முறுக்கியது மாதிரி இருந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் என்னைவிட நன்றாகப் பின்னினார். அந்த நினைவு வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஜாதகத்தைத் தூர வைத்துவிட்டு, இப்படி ஒருவர் தெருவில் போகிறார், வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஒரு காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நான் வீட்டு வாசல் கேட்டுப் பக்கம் நின்றேன். அவர் லோரிச் சாவியோடு வெளியே வந்தார். சம்மதம் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. சரி, சரி என்று இரண்டு தடவை சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உங்களையும்தான் யாரும் கேட்கவில்லையே, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்தார், போய்விட்டார்.

பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். ரவாங் போய்ச் சேரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பழிக்குப் பழி வாங்குகிறார், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேநீர் இடைவேளையில், உண்மையாகவே யோசித்தால் என்ன என்று தோன்றியது. அந்தக் கூட்டாளி சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறாராம், சொந்தமாக வீடு வாங்கிவிட்டாராம். சபாக் பெர்ணம் வரைக்கும் தனியாக லோரி ஓட்டிக்கொண்டு போகிற மனிதர், வழியெல்லாம் வயல்வெளி, யோசிப்பதற்கு அதைவிடத் தோதான இடம் ஏது? என் ஜாதகத்தை வைத்துத்தானே அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்? மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல பாகங்களைத் தூக்கிக் குப்பைத் தட்டில் போட்டேன். அன்றைக்கு சூப்பர்வைசர் வந்து ஓ.டி.க்குக் கேட்டபோது என் கை மேலே போகவில்லை. அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் என் கணவர் வழக்கத்தைவிட நேரங்கழித்து வந்தார். வாசலில் குழாயைத் திறந்து கையில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கழுவினார். நான் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சபாக் பெர்ணம் வரைக்கும் யோசிச்சேன் லா. சம்மதந்தான்."

அவ்வளவு தூரமா யோசிக்க வேண்டியிருந்தது என்று கேட்டேன். கேட்கும்போது கோபப்படுவது மாதிரிதான் கேட்டேன், ஆனால் குரல் ஒத்துழைக்கவில்லை. அவர் துண்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"கேட்டது நீயாச்சே. சும்மா வாய்க்கு வந்தத சொல்லிட முடியுமா?"

இப்போது எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. மகளை எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பது என்று அவளிடமே கேட்டோம். நாங்கள் மனதில் வைத்திருந்த பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது, இருந்தாலும் அவள் சொன்ன இடத்தில்தான் சேர்த்தோம். கேட்டால் இல்லை என்றும் பதில் வரலாம். அதனால்தான் பெரியவர்கள் எங்களைக் கேட்காமல் விட்டார்கள் போலிருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கே போகச் சொன்னார்களோ அங்கே போய்ப் பழகியவர்கள். தங்களையே யாரும் கேட்காதவர்களுக்கு எங்களைக் கேட்கத் தோன்றியிருக்காது.

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்க்கும்போது, மேடையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேர் முகத்திலும் ஒரு பதற்றமும் இல்லாததை இப்போது கவனிக்கிறேன். எல்லாம் முன்பே முடிவானவர்களின் முகம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று தொழிற்சாலையில் ஒரு பகல் முழுக்கச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேனே, என் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.